மேரி தார்ப்பும் அவர் வரைந்த கடலடியும்

அமெரிக்காவின் அறிவியல் முன்னோடிகள், புதுப்புலம் தேடிப் போனவர்கள் என்றதும் நினைவுக்கு வரும் பெயர்கள் எல்லாமே பயணம் போனவர்களின் பெயர்கள்தான். கொலராடோ ஆற்றின் சுழல்களில் படகு விட்ட ஜான் வெஸ்லி பவல், வட துருவத்தை நோக்கிப் பனியில் நடந்த மேத்யூ ஹென்சன், நிலவில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங். மேரி தார்ப் எங்கும் போகவில்லை. போக விடவில்லை என்பதே சரி. நியூயார்க் நகருக்கு வடக்கே, ஹட்சன் ஆற்றை ஒட்டிய உயரமான பாறைக்கரையில் ஒரு பணக்காரக் குடும்பத்தின் பழைய மாளிகை இருந்தது. அதில் ஓர் அறை, ஒரு சாய்வு மேசை, மை, பேனா. அங்கே உட்கார்ந்து எண்களைக் கோடுகளாக மாற்றிக்கொண்டிருந்தபோது, அட்லாண்டிக் கடலுக்கடியில் ஓடும் மலைத்தொடரின் நடுமுதுகு நெடுக ஒரு பிளவு இருப்பதைக் கண்டார். கண்டங்கள் நகர்கின்றன என்பதை உலகம் ஒப்புக்கொண்டதற்கு அந்தப் பிளவு முக்கியக் காரணங்களுள் ஒன்று.

அவர் பிறந்தது 1920 ஜூலை 30 அன்று, மிச்சிகன் மாநிலத்தின் யிப்சிலான்டி என்ற ஊரில். தந்தை வில்லியம் தார்ப் அமெரிக்க வேளாண்மைத் துறையில் மண் ஆய்வாளர். எந்த நிலத்தில் எந்த மண், எது எவ்வளவு ஆழம் என்று பார்த்து வரைபடம் போடுவது வேலை. குளிர்காலத்தில் தென் மாநிலங்கள், கோடையில் வட மாநிலங்கள் என்று குடும்பமே அவரோடு அலைந்தது. மேரி எத்தனை பள்ளிக்கூடம் மாறினார் என்பதற்கு நீண்ட பட்டியல் வேண்டும். விடுமுறை நாட்களில் அப்பாவோடு வயல்வெளிகளில் திரிந்த அந்தச் சிறுமி, ஒரு வரைபடம் எப்படிப் பிறக்கிறது என்பதை ஏட்டில் படிப்பதற்கு முன்பே கண்ணால் பார்த்துவிட்டார். தாய் பெர்த்தா, ஜெர்மனும் லத்தீனும் கற்பித்த ஆசிரியை. மேரிக்குப் பதினைந்து வயதானபோது அவர் இறந்துபோனார்.

ஓஹையோ பல்கலைக்கழகத்தில் மேரி படித்தது ஆங்கிலமும் இசையும். அந்தக் காலத்தில் படித்த அமெரிக்கப் பெண்ணுக்குத் திறந்திருந்த வாசல்கள் ஆசிரியர், செவிலியர், செயலாளர் என்ற மூன்றுதான். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. இளைஞர்கள் படையில் சேரப் போனார்கள், வகுப்பறைகள் காலியாயின. பெட்ரோலியம் தேட ஆள் வேண்டும். அதுவரை பெண்களைச் சேர்க்காமல் இருந்த மிச்சிகன் பல்கலைக்கழக நிலவியல் துறை கதவைத் திறந்தது. மேரி உள்ளே போனார், 1944இல் முதுகலைப் பட்டத்தோடு வெளியே வந்தார். போர் மட்டும் இல்லாதிருந்தால் இந்தப் பெண்ணை நிலவியல் இழந்திருக்கும். எத்தனை பேரை அப்படி இழந்தோம் என்பதற்குக் கணக்கே கிடையாது.

அடுத்து ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில், ஸ்டானோலிண்ட் எண்ணெய் நிறுவனத்தில் வேலை. பட்டம் ஒன்றுதான் என்றாலும் களத்துக்குப் போவது ஆண்கள். அவர்களுக்கு வேண்டிய வரைபடங்களையும் தகவல்களையும் அலுவலகத்தில் உட்கார்ந்து திரட்டித் தருவது மேரி. சலிப்பு தாங்காமல் அங்கேயே டல்சா பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து இன்னொரு பட்டம் வாங்கினார். 1948இல் நியூயார்க் போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வாசலில் நின்றார்.

அங்கே மோரிஸ் யூயிங் என்ற நில இயற்பியலாளர் கடலடியை ஆராய ஒரு குழுவைத் திரட்டிக்கொண்டிருந்தார். டெக்சாஸ்காரர், ஓயாத உழைப்பாளி, மற்றவர்களையும் ஓய விடாதவர். நிலவியலில் முதுகலை, கணிதத்தில் இளங்கலை, எண்ணெய்த் தொழிலில் அனுபவம் என்று எல்லாம் வைத்திருந்த ஒரு பெண்ணை என்ன செய்வது என்று அவருக்குப் புரியவில்லை. கடைசியில் அவர் கேட்டது, படம் வரையத் தெரியுமா என்பதைத்தான். தெரியும் என்றார் மேரி. வேலை கிடைத்தது. அடுத்த ஆண்டே அந்தக் குழு ஹட்சன் கரையில் வங்கியாளர் தாமஸ் லாமொன்ட்டின் குடும்பம் கொடுத்த மாளிகைக்குக் குடிபெயர்ந்து லாமொன்ட் நிலவியல் ஆய்வகம் ஆனது.

அன்றைக்குக் கடலடியைப் பற்றித் தெரிந்தது எவ்வளவு? மிகக் கொஞ்சம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கயிற்றிலோ கம்பியிலோ ஈயக்குண்டு கட்டி இறக்கித்தான் ஆழம் பார்த்தார்கள். நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் குண்டு இறங்கவும் ஏறவும் மணிக்கணக்காகும். 1872இல் புறப்பட்ட பிரிட்டிஷ் கப்பல் சேலஞ்சர் மூன்றரை ஆண்டு உலகைச் சுற்றி வந்தும் ஆழ்கடலில் அளக்க முடிந்தது ஏறத்தாழ ஐந்நூறு இடங்களில்தான். அட்லாண்டிக்கின் நடுவே தரை மேடாக இருக்கிறது என்ற செய்தி அப்போதே தெரியும். மேடு என்பதற்கு மேல் தெரியாது. எதிரொலிக் கருவி வந்த பிறகு கதை மாறியது. கப்பலின் அடியிலிருந்து ஒலியை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் குறிப்பார்கள். கடல்நீரில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர். நான்கு கிலோமீட்டர் ஆழம் என்றால் ஐந்து வினாடிக்குச் சற்று மேல் எதிரொலி வந்துவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆழத்தைக் காகிதச் சுருளில் இடைவிடாமல் பதியும் கருவிகள் ஆய்வுக் கப்பல்களில் ஏறின.

அந்தச் சுருள்களைக் கொண்டுவந்தவர்கள் உயிரைப் பணயம் வைத்தவர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். லாமொன்ட் ஆய்வகம் 1953இல் பெற்ற வேமா என்ற கப்பல், 1923இல் ஒரு செல்வருக்காக உல்லாசப் பயணத்துக்குக் கட்டப்பட்ட மூன்று பாய்மரக் கப்பல். 1954 ஜனவரியில் புயலில் சிக்கிய வேமாவின் தளத்திலிருந்து யூயிங்கையும் சேர்த்து நான்கு பேரை அலை வாரிக்கொண்டு போனது. மூவரை மீட்டார்கள், ஒருவர் திரும்பவே இல்லை. அதே யூயிங் மறுபடியும் கடலுக்குப் போனார்.

மேரி போக முடியாது. கப்பலில் பெண் ஏறினால் ஆகாது என்பது மாலுமிகளின் நம்பிக்கை, அதையே விதியாகவும் வைத்திருந்தார்கள். 1960களில்தான் அவருக்கு ஓர் ஆய்வுக் கப்பலின் தளத்தில் நிற்க வாய்த்தது. அதற்குள் அட்லாண்டிக்கையும் இந்தியப் பெருங்கடலையும் அவர் வரைந்து முடித்திருந்தார்.

புரூஸ் ஹேசன் என்ற இளைஞர் போனார். ஐயோவா மாநிலத்துக்காரர், மேரியை விட நான்கு வயது இளையவர், யூயிங்கின் மாணவர். 1952 வாக்கில் ஒரு முறை அமைந்துவிட்டது. ஹேசன் கடலுக்குப் போய் ஆழக் கணக்குகளைக் கொண்டுவருவார். மேரி அவற்றை வரைவார். இந்த ஏற்பாட்டைக் கேட்டதும் மேரி ஏதோ படியெடுப்பவர் என்று எண்ணத் தோன்றும். கப்பலில் இருப்பவர் ஒரு நேரத்தில் பார்ப்பது தன் கப்பலுக்கு அடியில் இருக்கும் ஒற்றைக் கோட்டைத்தான். வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு கப்பல்கள் ஓடிய கோடுகளை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்க்கும் இடம் அந்த மேசை மட்டுமே. கடல் முழுதாகத் தெரிந்த ஒரே இடமும் அதுதான்.

முதல் வேலை வட அட்லாண்டிக். அமெரிக்கக் கரையிலிருந்து ஐரோப்பா, ஆப்பிரிக்கக் கரைகள் வரை குறுக்கே ஓடிய பயணங்களின் ஆழக் கணக்குகளைச் சேர்த்து, மேரி ஆறு குறுக்குவெட்டுத் தோற்றங்களை வரைந்தார். நீண்ட தாள்களை ஒட்டி, இணையாக அடுக்கி, தரையின் ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரிவதற்காக உயரத்தைப் பல மடங்கு பெரிதாக்கிப் போட்டார். நடுவில் மலைத்தொடர் இருப்பது ஆறிலும் தெரிந்தது. அதில் யாருக்கும் வியப்பில்லை. மேரியின் கண்ணை நிறுத்தியது வேறொன்று. மலைத்தொடரின் உச்சியில், ஆங்கில எழுத்து ‘வி’ வடிவத்தில் ஒரு வெட்டு. வடக்கே இருந்த மூன்று கோடுகளில் அது தெளிவாகத் தெரிந்தது.

மலையின் உயரம் ஒரு கோட்டில் அதிகம், இன்னொன்றில் குறைவு. சரிவுகளும் ஒன்றுபோல் இல்லை. அந்த வெட்டு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது, அதுவும் மலைத்தொடரின் மையத்திலேயே. அப்படியானால் அவை தனித்தனிப் பள்ளங்களாக இருக்க முடியாது, மலைத்தொடரின் நீளத்துக்கு ஓடும் ஒரே பள்ளத்தாக்காகத்தான் இருக்க வேண்டும் என்று மேரி நினைத்தார். நிலவியல் படித்தவருக்கு அடுத்த எண்ணம் தானாக வரும். தரை இரண்டு பக்கமும் இழுக்கப்பட்டுப் பிளந்தால்தான் இப்படியொரு பள்ளத்தாக்கு உண்டாகும்.

ஹேசனிடம் காட்டினார். ஹேசன் முனகினார். பெண்பிள்ளைப் பேச்சு என்று ஒதுக்கினார். இது கண்டப்பெயர்ச்சி மாதிரி அல்லவா இருக்கிறது, இருக்கவே முடியாது என்றார். இதை மேரியே பின்னாளில், கசப்பில்லாமல், எழுதி வைத்திருக்கிறார்.

ஹேசனின் அச்சத்துக்குப் பின்னணி உண்டு. ஆல்ஃபிரட் வெகனர் என்ற ஜெர்மானியர் 1912இல் கண்டங்கள் ஒரு காலத்தில் சேர்ந்திருந்து பிறகு விலகிப் போயின என்று சொன்னார். தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் பொருந்துவதைக் காட்டினார், இரு பக்கமும் ஒரே புதைபடிவங்கள் கிடைப்பதைக் காட்டினார். எந்த விசை கண்டத்தைத் தள்ளியது என்று கேட்டவர்களுக்கு அவரிடம் நம்பும்படியான விடை இருக்கவில்லை. 1930இல் கிரீன்லாந்தின் பனியில் அவர் இறந்தார். 1950களின் அமெரிக்காவில் ஓர் இளம் நிலவியலாளர் கண்டப்பெயர்ச்சியை ஆதரித்துப் பேசினால் வேலைக்கே ஆபத்து. யூயிங்கும் அதை ஏற்காதவர்.

மேரி வாதாடிக்கொண்டே இருந்தார். பல மாதங்கள் போயின. விடை பக்கத்து மேசையிலிருந்து வந்தது.

அந்த மேசையில் ஹோவர்ட் ஃபாஸ்டர் என்பவர் வேலை செய்தார். நுண்கலை படித்தவர், காது கேளாதவர். கடலுக்கடியில் நிகழ்ந்த நிலநடுக்கங்களின் மையங்களை உலக வரைபடத்தில் குறிக்கும் வேலையை ஹேசன் அவருக்குக் கொடுத்திருந்தார். இதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1929 நவம்பரில் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கிராண்ட் பேங்க்ஸ் பகுதியில் நிலநடுக்கம் வந்தது. மையத்துக்கு அருகில் இருந்த தந்திக் கம்பிகள் உடனே அறுந்தன. தொலைவில் இருந்தவை ஒன்றன்பின் ஒன்றாக, பதின்மூன்று மணி நேரம் வரைக்கும் அறுந்துகொண்டே போயின. கடலடிச் சரிவில் சேறும் மணலும் வெள்ளமாக இறங்கி ஓடியதுதான் காரணம் என்று ஹேசனும் யூயிங்கும் 1952இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அட்லாண்டிக்குக்குக் குறுக்கே தொலைபேசிக் கம்பி போடத் திட்டமிட்டிருந்த பெல் ஆய்வகத்துக்கு இந்தச் செய்தி உயிர்நாடி. எங்கெங்கே தரை ஆடும் என்று தெரிந்தால்தான் கம்பியைப் பத்திரமாகப் போட முடியும். அதற்காகவே ஃபாஸ்டரின் புள்ளிகள்.

தன் குழுவின் வரைபடங்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதில் ஹேசன் கண்டிப்பானவர். அந்தக் கண்டிப்பு இங்கே பலித்தது. ஃபாஸ்டரின் தாளையும் மேரியின் தாளையும் அடியில் விளக்கு வைத்த கண்ணாடி மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். அட்லாண்டிக்கின் நிலநடுக்கப் புள்ளிகள் ஒரு வரிசையாக மேரியின் பள்ளத்தாக்குக்குள்ளேயே விழுந்தன.

ஹேசன் நம்பினார். நம்பிய பிறகு முழு வேகத்தில் இறங்கினார் என்பது அவருக்குப் பெருமை. நிலநடுக்க வரிசையைப் பிடித்துக்கொண்டு போனால், ஆழம் அளக்கப்படாத கடல்களிலும் பள்ளத்தாக்கு எங்கே ஓடும் என்று ஊகிக்கலாம் அல்லவா? தென் அட்லாண்டிக்கில் இறங்கி, ஆப்பிரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றி, இந்தியப் பெருங்கடலில் ஏறினார்கள். அங்கிருந்து ஏடன் வளைகுடா, அதற்கப்பால் கிழக்கு ஆப்பிரிக்காவின் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கு. நிலத்தில் மனிதர்கள் நூற்றாண்டுகளாகக் கண்ணால் பார்த்துவந்த ஒரு பிளவின் தொடர்ச்சிதான் கடலுக்கடியில் ஓடுகிறது. குறுக்குவெட்டில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர். பெருங்கடல்களின் நடுவே வளைந்து வளைந்து போகும் இந்த மலைத்தொடரின் நீளம் ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர்.

1956இல் டொரன்டோவில் நடந்த அமெரிக்க நில இயற்பியல் சங்கக் கூட்டத்தில் உலகளாவிய பிளவு பற்றி அறிவித்தார்கள். அறிவித்த பெயர்கள் யூயிங், ஹேசன். பிளவை முதலில் கண்டவரின் பெயர் அதில் இல்லை. மறதி என்று சொல்லித் தள்ளிவிட முடியாத அளவுக்கு அந்த ஆண்டுகளின் பல கட்டுரைகளில் இது நடந்திருக்கிறது. மேரி தன்னை அதிர்ஷ்டசாலி என்றே பின்னாளில் சொல்லிக்கொண்டார். பின்னணியில் இருப்பதில் தனக்கு வருத்தமில்லை என்றார். அது அவருடைய பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மையைக் காட்டி, நடந்தது சரிதான் என்று மற்றவர்கள் சொல்வதற்கு இடமில்லை.

1957இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஹேசன் உரையாற்றி முடித்ததும், நிலவியல் துறைத் தலைவர் ஹாரி ஹெஸ் எழுந்து நிலவியலின் அடித்தளத்தையே ஆட்டிவிட்டீர்கள் என்றார். எல்லோரும் அப்படி இல்லை. பிரெஞ்சுக் கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோ நம்பவில்லை. பொய் என்று காட்டுவதற்காகவே அட்லாண்டிக்கைக் கடக்கும்போது தன் கப்பலான கலிப்சோவின் பின்னால் ஒரு கேமராவை ஆழத்தில் இழுத்துக்கொண்டு போனார். கேமராவில் பதிந்தது பள்ளத்தாக்கின் கரும்பாறைச் சுவர்கள். 1959இல் நியூயார்க்கில் கூடிய உலகக் கடலியல் மாநாட்டில் அந்தப் படத்தைக் கூஸ்தோவே திரையிட்டார். தன் எண்ணம் தவறென்று காட்டிய படத்தை எடுத்தவரே எல்லோர் முன்பும் போட்டுக் காட்டியது அறிவியல் உலகின் அழகான தருணங்களில் ஒன்று.

இனி வரைபடம். மேரியின் முழு மேதைமையும் இங்கேதான் இருக்கிறது.

சாதாரணமாகக் கடலாழத்தைக் காட்ட, சம ஆழமுள்ள புள்ளிகளைக் கோடுகளால் இணைப்பார்கள். பனிப்போர்க் காலம் அது. நீர்மூழ்கிகளுக்கு உதவும் என்பதால் துல்லியமான ஆழக்கோடுகளை அமெரிக்கக் கடற்படை 1952இல் ரகசியம் ஆக்கிவிட்டது. எண்களை வெளியிட முடியாது. அப்போது ஹேசனும் மேரியும் பிடித்துக்கொண்ட வழி, கடல்நீரை எல்லாம் வடித்துவிட்டுத் தாழப் பறக்கும் விமானத்திலிருந்து சாய்வாகப் பார்த்தால் தரை எப்படித் தெரியுமோ அப்படியே வரைவது. கொலம்பியாவில் லோபெக் என்ற பேராசிரியர் நிலப்பரப்புகளை அந்த முறையில் வரைந்து புகழ்பெற்றவர். அதைக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். எண்கள் வெளியே வந்திருந்தால் நிபுணர்கள் மட்டும் படித்திருப்பார்கள். ரகசியம் என்ற தடையால் பிறந்த படத்தைப் பள்ளி மாணவரும் பார்த்துப் புரிந்துகொள்ள முடிந்தது. மலை மலையாகத் தெரிந்தது, சமவெளி சமவெளியாக, பிளவு பிளவாக.

அந்த முறை மேரியிடம் கேட்ட விலை அதிகம். ஆழக்கோடு வரைபவர் தகவல் இல்லாத இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். சாய்தோற்றம் வரைபவர் அப்படி விட முடியாது. கப்பல் தடங்களுக்கு நடுவே பல நூறு கிலோமீட்டர் வெற்றிடம் கிடந்தது. நம் வாசல் கோலத்தில் புள்ளிகள் ஒழுங்காக இருக்கும், எந்தக் கோலம் என்பதும் போடுபவருக்குத் தெரியும். மேரிக்குக் கிடைத்தவை ஒழுங்கில்லாத புள்ளிகள், கோலம் எது என்பதையும் அவரேதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இந்தத் தடத்தில் ஒரு மேடு, அந்தத் தடத்தில் ஒரு மேடு. இரண்டும் ஒரே முகடா, தனித்தனிக் குன்றுகளா? தரையின் அமைப்பு எப்படி உருவாகிறது என்ற நிலவியல் அறிவும், நிலநடுக்க வரிசையும், கையில் இருந்த பழக்கமும் சேர்ந்துதான் ஒவ்வொரு கோட்டையும் தீர்மானித்தன. சில இடங்களில் எதுவுமே இல்லை. பழைய மாலுமி வரைபடங்களில் செய்வது போல, அத்தகைய இடத்தின் மேல் படக்குறிப்பைப் பெரிதாக வைத்து மூடினார்கள். அங்கே கடற்கன்னிகளையும் மூழ்கிய கப்பல்களையும் வரைய மேரிக்கு ஆசை. ஹேசன் ஒப்பவில்லை.

வட அட்லாண்டிக் வரைபடம் 1957இல் வெளிவந்தது, 1959இல் ஹேசன், தார்ப், யூயிங் மூவர் பெயரிலும் விரிவான நூலாக வந்தது. 1961இல் தென் அட்லாண்டிக், 1964இல் இந்தியப் பெருங்கடல்.

இந்தியப் பெருங்கடல் வரைபடம் தமிழ் வாசகருக்கு நெருக்கமானது. 1959 முதல் 1965 வரை பல நாடுகள் சேர்ந்து நடத்திய பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வின்போது உருவான படம் அது. இந்தியாவின் சார்பில் கடற்படைக் கப்பல் ஐ.என்.எஸ். கிஸ்ட்னா அந்த ஆய்வில் கலந்துகொண்டது. அதன் தொடர்ச்சியாகத்தான் 1966இல் தேசியக் கடலியல் நிறுவனமே தொடங்கப்பட்டு இன்று கோவாவில் இயங்குகிறது. மேரியின் தாளில் அரபிக்கடலின் நடுவே கார்ல்ஸ்பெர்க் முகடு ஓடுகிறது. கிழக்கே, தொண்ணூறாவது தீர்க்கரேகையை ஒட்டி வடக்குத் தெற்காக, அளவுகோல் வைத்துக் கோடு இழுத்தது போன்ற ஒரு நெடிய முகடு. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்திலிருந்து அள்ளி வந்த வண்டல், வங்காள விரிகுடாவின் தரையில் விசிறியாகப் பரந்து, இலங்கையையும் தாண்டித் தெற்கே போகிறது. சென்னைக் கடற்கரையில் நிற்பவர் பார்க்கும் அந்த நீருக்கடியில் இமயமலையின் மண் படிந்திருக்கிறது என்பதை அந்தப் படத்தைப் பார்த்தால் கண்ணாலேயே உணரலாம்.

நேஷனல் ஜியோகிராஃபிக் இதழ் இந்த வரைபடத்தை வண்ணத்தில் வெளியிட விரும்பியது. ஓவியர் கிடைத்த விதத்தை மேரி எழுதியிருக்கிறார். ஆஸ்திரியாவிலிருந்து ஒரு சிறுமி, உங்கள் படங்களை விட என் அப்பா நன்றாக வரைவார் என்று இதழுக்குக் கடிதம் போட்டாளாம். அந்த அப்பா ஹைன்ரிஷ் பெரான். ஆல்ப்ஸ் மலைகளை அகன்ற காட்சிகளாகத் தீட்டிப் பெயர்பெற்றவர். அவர் தூரிகையில் இந்தியப் பெருங்கடலின் தரை 1967 அக்டோபரில் இதழோடு வாசகர்களின் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. மற்றப் பெருங்கடல்களும் தொடர்ந்து வந்தன.

ஹேசனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிளவை நம்பிய அவர், அதன் காரணமாகச் சொன்னது தவறு. பூமியே உப்பிப் பெருத்துக்கொண்டிருக்கிறது, அதனால் மேற்பரப்பு கிழிகிறது என்று சில ஆண்டுகள் வாதிட்டார். சரியான விளக்கத்தை 1962இல் தந்தவர் அந்தப் பிரின்ஸ்டன் ஹெஸ். பிளவின் வழியே அடியிலிருந்து பாறைக்குழம்பு மேலேறிப் புதுத் தரையாகிறது, பழைய தரை இரு பக்கமும் விலகுகிறது, தொலைவில் ஆழ்அகழிகளில் மீண்டும் உள்ளே போய்விடுகிறது. ஆகவே பூமி பெருக்க வேண்டிய அவசியமில்லை. அடுத்த ஆண்டு பிரிட்டனின் வைன், மேத்யூஸ் இருவரும், இது உண்மையானால் பிளவின் இரு பக்கப் பாறைகளிலும் காந்தப் பதிவுகள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்க வேண்டும் என்றார்கள். அதற்கு மறுக்க முடியாத சான்று 1966 வாக்கில் எல்டானின் என்ற கப்பலின் பதிவுகளில் கிடைத்தது. அதைக் கண்டெடுத்ததும் லாமொன்ட் ஆய்வகம்தான். கண்டப்பெயர்ச்சி என்ற சொல்லுக்கே முகம் சுளித்த இடத்திலிருந்து அதன் ஆதாரம் வந்தது.

இதற்கிடையே அந்த ஆய்வகத்துக்குள் உறவு முறிந்திருந்தது. யூயிங்குக்கும் ஹேசனுக்கும் 1960களில் பகை முற்றியது. ஹேசன் நிரந்தரப் பேராசிரியர், அவரை நீக்க முடியாது. கப்பலும் தகவல்களும் அவருக்குக் கிடைக்காமல் அடைத்தார் யூயிங். மேரிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, வேலை போயிற்று. இரண்டு ஆண்களின் சண்டையில் அதிகம் இழந்தவர் அதில் பங்கில்லாத பெண். அவர் நையாக் பகுதியில் இருந்த தன் வீட்டையே வரைகூடமாக்கினார். கடற்படை ஆய்வு நிதியிலிருந்து சம்பளத்துக்கு ஹேசன் வழி செய்தார். அறைக்கு அறை தாள்கள் விரிந்தன, உதவியாளர்கள் வந்தார்கள், வேலை நிற்கவில்லை.

அந்த வேலையின் உச்சம், உலகப் பெருங்கடல்கள் அனைத்தின் தரையையும் ஒரே தாளில் காட்டும் வரைபடம். வண்ணம் தீட்டியவர் மீண்டும் பெரான். 1977இல் அதன் அச்சுப்படியைச் சரிபார்த்துவிட்டு ஹேசன் ஐஸ்லாந்துக்குத் தெற்கே போனார். என்.ஆர்.1 என்ற சிறிய அணுசக்தி நீர்மூழ்கியில் நடு அட்லாண்டிக் முகட்டை நேரில் பார்ப்பது திட்டம். ஜூன் 21 அன்று நீர்மூழ்கிக்குள்ளேயே மாரடைப்பு. வயது ஐம்பத்து மூன்று. அதே கடற்பகுதியில் டிஸ்கவரி என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பலில் இருந்த மேரிக்குச் செய்தி வந்தது. கால் நூற்றாண்டு ஒன்றாக வேலை செய்தவர்கள். சண்டை போட்டு, விட்டுக்கொடுத்து, ஒவ்வொரு மலையையும் பேசித் தீர்த்து வரைந்தவர்கள். வரைபடத்தை அச்சேற்றி முடிக்கும் பொறுப்பு மேரியின் கைக்கு வந்தது. முடித்தார். இன்று பாடநூல்களிலும் கல்லூரிச் சுவர்களிலும் காணும் அந்த நீலக் கடலடிப் படம் அதுதான்.

பாராட்டுகள் தாமதமாக வந்தன. 1978இல் நேஷனல் ஜியோகிராஃபிக் சங்கம் ஹேசனுக்கும் மேரிக்கும் ஹப்பர்ட் பதக்கம் அளித்தது. அப்போலோ 11 வீரர்கள் பெற்ற அதே பதக்கம். 1997இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த வரைபடக் கலைஞர்கள் நால்வருள் ஒருவராக அவரைக் குறிப்பிட்டது. தன் தாள்களையும் குறிப்புகளையும் அவர் ஏற்கெனவே அந்த நூலகத்துக்கே கொடுத்திருந்தார். 2001இல் லாமொன்ட் ஆய்வகம் அவரை அழைத்துப் பாரம்பரிய விருது தந்தது. 2006 ஆகஸ்ட் 23 அன்று, 86ஆம் வயதில், நையாக்கில் காலமானார். நிலவில் ஒரு பள்ளத்துக்கு இப்போது அவர் பெயர்.

2023இல் நடந்தது இவை எல்லாவற்றையும் விட நிறைவானது. அமெரிக்கக் கடற்படையிடம் மோரி என்றொரு கடல் அளவைக் கப்பல் இருந்தது. மேத்யூ ஃபான்டேன் மோரி 1850களில் ஈயக்குண்டு அளவைகளை வைத்து வட அட்லாண்டிக்கின் தரைக்கு முதன்முதலாக வரைபடம் போட்டவர். உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போராடிய தென் மாநிலங்களின் பக்கம் சேர்ந்தவர். அந்தப் பக்கத்தவர்களின் பெயர்களைப் படைத்துறையிலிருந்து நீக்கும் முடிவின்படி கப்பலுக்குப் புதுப் பெயர் தேடினார்கள். மேரி தார்ப் என்று வைத்தார்கள். கப்பலின் வேலை, பல கற்றை எதிரொலிக் கருவிகளால் கடலடியை அளப்பது. நவீனக் கருவிகளால் நுட்பமாக அளந்து முடிக்கப்பட்டது உலகக் கடலடியில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். மீதியை அளக்கும் கப்பல்களில் அதுவும் ஒன்று.